நாலு முழ இடம்

ரோமர்கள் உள்நாட்டு ஆட்களைச் சேர்த்து வைத்திருந்த செபஸ்தேப் பட்டாளத்தின் கோவேறு கழுதைக்கு நொண்டுவதற்கு வாரத்தில் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறையும் விட்டுவிட்டு, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில், அதுவும் கேபார் ரிம்மோன் ஊர்க் கிணற்றடிக்கு வந்து, அதுவும் மனாயேன் ஜெபக்கூடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற நேரம் பார்த்து, அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கழுதையைச் சொல்லி என்ன பயன். அதை ஓட்டி வந்தவர்களுக்கே கிழமை தெரியவில்லை.

மனாயேன் தண்ணீர்த் தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு பூசுகிறவன். ஊரில் ஆண் பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் நுனித்தோலை வெட்டி விருத்தசேதனம் செய்கிற கையும் அவனுடையதுதான். இருபது வருடமாக எத்தனையோ பேர் பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறான், ஒரு பிள்ளைக்கும் நாள் தவறியதில்லை. தன் வீட்டில் மட்டும் கல்யாணமாகிப் பதினாலு வருடம் தொட்டில் ஆடவில்லை. போன ஓய்வுநாளன்றுதான் அவன் மனைவி சப்பீரா ஒரு மகனைப் பெற்றாள். இன்றைக்கு எட்டாம் நாள்.

கத்தியை நேற்றே தீட்டி, துணியில் சுற்றி வீட்டில் வைத்தாயிற்று. புண்ணில் வைக்கச் சீரகமும் நேற்றே அரைத்தாயிற்று. ஓய்வுநாளில் எல்லா வேலையும் நிற்கும், இந்த ஒரு வேலை நிற்காது. ஆனால் பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு அடுத்த நாள், எட்டு ஒன்பதாகிவிடும். ஊரில் வேறு ஒருவனுக்கும் அந்த வேலை தெரியாது. தெரிந்த ஆள் அடுத்த ஊரில் இருக்கிறான். ஊர் எல்லையிலிருந்து இரண்டாயிரம் முழத்துக்கு மேல் ஓய்வுநாளில் யாரும் நடக்கக் கூடாது என்பதால், அவன் அங்கே இருந்தாலும் ஒன்றுதான், பாபிலோனில் இருந்தாலும் ஒன்றுதான்.

கழுதையின் முதுகிலிருந்து இறக்கிய திரிகை கிணற்றடியில் கிடந்தது. எட்டுச் சிப்பாய்களுக்கு மாவு அரைக்கிற கல், நல்ல கனம். அந்த எட்டுப் பேருக்கும் தலைவனான நிக்கானோர் சுற்றிலும் பார்த்தான். அவன் கண் மனாயேனின் தோளில் வந்து நின்றது.

"யோவ், தோள் அகலமா இருக்கே. இங்க வா."

"ஐயா, இன்னிக்கு ஓய்வுநாள். நாங்க சுமை தூக்கறதில்லை."

"நாங்களும் ஓய்வா இருக்கலாம்னுதான் பாக்கறோம். அதான் உன்னைக் கூப்பிடறேன்."

சிப்பாய்கள் சிரித்தார்கள்.

"ஐயா, வீட்டுல பிள்ளைக்கு இன்னிக்கு எட்டாம் நாள். நான்தான் செய்யணும். வேற ஆள் கிடையாது."

"ஒரு மைல்தான்யா. மேட்டுச் சாவடியில வச்சுட்டு ஓடி வந்துரு. உன் பிள்ளை எங்கயும் போயிராது."

மல்கு என்கிற நெட்டைச் சிப்பாய் அதற்குள் திரிகையை வாரால் கட்டி மனாயேன் முதுகில் ஏற்றிவிட்டான். பட்டாளத்தான் சுமையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். மாட்டேன் என்றால் அடி, அதற்கு மேலும் மாட்டேன் என்றால் கலகம். மனாயேன் நடந்தான்.

ஊர் எல்லையிலிருந்து இரண்டாயிரம் முழம் முடிகிற இடத்தில், பள்ளத்துக்குள், ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் வெள்ளைக் கோடு. ஐம்பது முழக் கயிற்றால் அளந்து, அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால் போட்டதே மனாயேன்தான். கோட்டருகே வந்ததும் அவன் கால் தானாக நின்றது. ஈட்டியின் அடிக்கட்டை விலாவில் இடித்தது. கோட்டைத் தாண்டினான். வாழ்நாளில் ஓய்வுநாளன்று அதைத் தாண்டியது அதுதான் முதல் தடவை, அதுவும் முதுகில் திரிகையோடு. அவமானத்தில் காது சுட்டது.

சாவடி எதிர் மேட்டில், கோட்டிலிருந்து இன்னும் ஐந்நூறு முழம். வாசலில் திரிகையை இறக்கி வைத்தான். நிக்கானோர் கையை வீசினான்.

"சரி, போ. பிள்ளையைப் போய்ப் பாரு."

மனாயேன் அந்த இடத்திலேயே உட்கார்ந்தான்.

"என்னய்யா, களைச்சுப்போச்சா?"

"இல்லீங்க. என்னால நகர முடியாது."

"காலு சுளுக்கிக்கிச்சா?"

"காலு நல்லாத்தான் இருக்கு. இடம் இல்லை. எனக்கு நாலு முழம்தான் இருக்கு."

நிக்கானோர் சுற்றிலும் பார்த்தான். மேடு, பள்ளம், ஒலிவ மரங்கள், அதற்கு அப்பால் கடல் வரைக்கும் பேரரசனுடைய பூமி காலியாகக் கிடந்தது.

"இவ்வளவு இடம் கிடக்கு. எவன் உனக்கு நாலு முழம்னு அளந்து குடுத்தான்?"

மனாயேன் சொல்லிப் பார்த்தான். பெரியவர்கள் வகுத்த கணக்கு அது. ஓய்வுநாளில் ஒருவனை அன்னியர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டால், விட்ட இடத்தில் அவனுக்கு நாலு முழம்தான், பொழுது சாயும் வரை அதை விட்டு நகரக் கூடாது. அந்த அன்னியரே திரும்பக் கொண்டுவந்து ஊர் எல்லைக்குள் விட்டுவிட்டால், அவன் வெளியே போகவே இல்லை என்று கணக்கு. இதில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மனாயேன் வாயை மூடிக்கொண்டான். ஏனென்றால் மூன்றாவதாக ஒன்று இருந்தது. என்னைக் கொண்டுபோய் விடுங்கள் என்று தானாகக் கேட்டால், தன் காலால் நடந்ததற்குச் சமம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் வேலை முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்கக் கூடாது. அவன் தலையெழுத்தை என்னவென்று சொல்வது.

"வரும்போது நடந்துதானய்யா வந்த?" என்றான் நிக்கானோர்.

"நீங்க கொண்டுவந்தீங்க."

"அப்ப இப்ப நான் சொல்றேன், போ."

"நீங்க சொன்னா ஆச்சா? போறது என் காலாச்சே."

"வந்ததும் உன் காலுதான்டா."

"அதுக்குப் பின்னால உங்க ஈட்டி இருந்துச்சுங்க."

மல்கு தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, இவங்ககிட்ட பேசாதீங்க. பேசப் பேச நமக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும். விடுங்க, உக்காந்து காயட்டும்."

விட்டிருப்பார்கள். ஆனால் அப்போது பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சப்பீராவின் தம்பி பெராக்கியா. சுண்ணாம்புக் கோட்டில் கால் கட்டைவிரலை ஒட்டவைத்துக்கொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினான்.

"மச்சான், ஒன்னும் கேட்டுராதீங்க."

மனாயேன் கண்ணை மூடிக்கொண்டான். பெராக்கியாவுக்கு வேதம் தெரியும், வாய் தெரியும், நேரம் மட்டும் தெரியாது.

"என்ன கேக்கக் கூடாதாம்?" என்றான் நிக்கானோர்.

"ஒன்னுமில்லீங்க."

"மச்சான், அவங்களா செய்யட்டும். நீங்க வாயே திறக்காதீங்க. நாங்க எல்லாரும் வந்துட்டு இருக்கோம்."

"நாங்க என்னடா செய்யணும்? எல்லாரும்னா யாரு?" நிக்கானோரின் குரல் மாறிவிட்டது.

யார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. விருந்துக்கு வந்த உறவு, ஜெபக்கூடத்துக் கூட்டம், குழந்தை குட்டி, எல்லோரும் பள்ளத்தில் இறங்கி வந்தார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் வந்தார்கள், வேறு ஒன்றும் இல்லை. வந்தவர்கள் கோட்டருகே நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் இடமில்லாததால் இடப்புறமும் வலப்புறமும் விலகி நின்றார்கள். அளவு ஊருக்கே மனப்பாடம் என்பதால், பாறை இல்லாத இடத்திலும் அதே வரிசையில் நின்றார்கள். ஒருவன் கால்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் நூற்றைம்பது பேர் கயிறு பிடித்த மாதிரி ஒரே வரிசையில், கையில் ஒன்றுமில்லாமல், சாவடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிக்கானோருக்கு வியர்த்தது. "எவன் கட்டளை போட்டான் இவங்களுக்கு? நம்ம பட்டாளமே இப்படி நிக்காதேடா."

"அண்ணே..."

"நான் செசரியாவுல இருந்தேன்டா. கொடிக்கம்பத்துல பேரரசன் முகம் இருக்கக் கூடாதுன்னு இந்த யூதனுங்க அஞ்சு நாள் உக்காந்தாங்க. சும்மா உக்காந்தாங்க. வாளை உருவினா கழுத்தை நீட்டறாங்க. அங்கயும் முதல்ல ஒருத்தன்தான் வந்து உக்காந்தான். கடைசியில கவர்னரே கொடியைத் திருப்பி எடுத்தாரு." அவன் சூரியனைப் பார்த்தான். "உச்சிப்பொழுதுக்கு நம்ம மேலதிகாரி, நூற்றுக்கு அதிபதி, இந்த வழியா வராரு. ஓய்வுநாள்ல யூதன் மேல கை வைக்காதேன்னு போன மாசந்தான் உத்தரவு போட்டாரு. யார் தூக்கச் சொன்னா இவன் முதுகுல திரிகையை?"

"நீங்கதான் அண்ணே."

"வாயை மூடு."

நிக்கானோர் மனாயேன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். இப்போது அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. "ஐயா, உனக்கு என்ன வேணும்? சொல்லு. எதுவானாலும் சொல்லு."

வாழ்க்கையிலேயே மனாயேனுக்கு இதைவிட எளிதான கேள்வி வந்ததில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"சொல்லமாட்டேங்கறான் பாருடா. சரி, தூக்குங்க இவனை. போர்வையில போட்டுத் தூக்குங்க. ஒரு கீறல் படக் கூடாது. கொண்டுபோய் அவங்க ஊர்லயே போட்டுட்டு வாங்க."

மனாயேன் மனத்துக்குள் கர்த்தருக்கு நன்றி சொன்னான். முகத்தில் மட்டும் எதையும் காட்டவில்லை. மல்குவும் இன்னும் மூன்று பேரும் ஒரு பட்டாளப் போர்வையின் நாலு மூலையைப் பிடித்து, அவனை நடுவில் போட்டு, மேட்டிலிருந்து இறங்கினார்கள். பட்டாளத்துக்காரன் போர்வையில் மாப்பிள்ளை மாதிரி ஊர்வலம். கோட்டருகே நின்ற கூட்டம் ஒரு சத்தமும் போடவில்லை. அவன் கேட்டுத்தான் இது நடக்கிறது என்று ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில் நூற்றைம்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அந்த மௌனம்தான் கெடுத்தது. கத்துகிற கூட்டத்தைச் சிப்பாய்களுக்குத் தெரியும், கல் எறிகிற கூட்டத்தையும் தெரியும். வாயே திறக்காமல், இமைக்காமல், ஒரே வரிசையில் நின்று பார்க்கிற கூட்டத்தை அவர்கள் கண்டதில்லை. நடை தளர்ந்தது.

"போதும், இங்கயே போட்டுருங்கடா," என்றான் மல்கு.

போட்டார்கள். போர்வையை உருவிக்கொண்டு திரும்பி நடந்தார்கள்.

மனாயேன் எழுந்து உட்கார்ந்து பாறையைப் பார்த்தான். கோட்டுக்கும் அவனுக்கும் நடுவில் பத்து முழம்.

அழுவதா சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடியும் நாலு முழம். இங்கேயும் அதே நாலு முழம், வீடு மட்டும் கண்ணுக்குத் தெரிகிற நாலு முழம்.

"எட்டு முழம்தான் இருக்கும்," என்றான் பெராக்கியா.

"எட்டா இருந்தா என்ன, பத்தா இருந்தா என்ன? அவருக்கு நாலுதானே," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"அப்படி இல்லை. அவருக்கு எந்தப் பக்கமும் நாலா, மொத்தமே நாலான்னு ஒரு பேச்சு இருக்கு. எந்தப் பக்கமும் நாலுன்னு வச்சா..."

"வச்சாலும் எட்டுல இன்னும் நாலு பாக்கி இருக்கேடா."

"கொஞ்சம் அளந்து பார்த்தா..."

"ஓய்வுநாள்ல அளப்பியா நீ?"

"நல்ல காரியத்துக்கு அளக்கலாம்."

"எவன் சொன்னான்?"

கூட்டம் இரண்டு கட்சியாகிவிட்டது. இவ்வளவு நேரம் மூச்சு விடாமல் நின்றவர்கள் இப்போது ஒருவர் தாடியை ஒருவர் பிடிக்கிற மாதிரி பேசினார்கள். இதே சத்தத்தைக் கொஞ்சம் முன்னால் போட்டிருந்தால், அதைக் கேட்டுச் சிப்பாய்களுக்குத் தைரியம் வந்திருக்கும், அவன் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பான். பத்து முழம் என்பதில் மனாயேனுக்குச் சந்தேகமே இல்லை. தொட்டி பூசுகிறவனுக்குக் கண்ணே முழக்கோல். பொய்யாக எட்டு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. சிப்பாய்கள் ஐம்பது அடி போய்விட்டார்கள். இன்னும் கொஞ்சம் போனால் காது கேட்காது. உதவி கேட்கக் கூடாது, சரி. திட்டக் கூடாது என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. திட்டுவது கேட்பதாகாது என்று மனாயேன் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். யாரையும் திட்டிப் பழக்கமில்லாதவன். இருந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"ஏய் செபஸ்தேக்காரனுகளா."

மல்கு திரும்பினான்.

"ரோமன் ரோமன்னு சொல்லிக்கிறீங்களே, ரோமாபுரியை ஒரு நாளாவது கண்ணால பார்த்திருக்கீங்களாடா? இத்தாலிக்காரன் பட்டாளத்துல உங்களைக் கழுதை மேய்க்கக்கூட எடுக்கமாட்டான். கழுதையையும் நொண்டியாக்கிட்டீங்க. பொம்பளையும் பிள்ளையும் நிக்கறதைப் பார்த்து ஓடுறவனுக்கு எதுக்குடா வாளு?"

ஒரு கீறல் படக் கூடாது என்ற உத்தரவு மல்குவுக்கு மறந்துபோயிற்று. கோழையென்று சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பான். இத்தாலிக்காரன் பேச்சு செபஸ்தேக்காரனுக்கு ஆறாத புண். அவன் ஓடி வந்து மனாயேனின் வலது கையைப் பிடித்து முறுக்கி, அந்தக் கையாலேயே தரையில் இழுத்து, பத்து முழத்தையும் கடந்து, வெள்ளைக் கோட்டுக்கு மேலே தூக்கிக் கூட்டத்தின் காலடியில் எறிந்தான். மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம்.

"உள்ள வந்துட்டாரு," என்று பெராக்கியா கத்தினான். "அவங்களே கொண்டுவந்து போட்டாங்க. நீங்க கேக்கலை. எல்லாரும் சாட்சி."

மனாயேன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். போய்ச் சேரும் முன் கை வீங்கிவிட்டது. விரல்கள் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. கத்தியை எடுத்தான், விழுந்தது. இன்னொரு தரம் எடுத்தான், இன்னொரு தரம் விழுந்தது. இடது கையால் ஒரு சுவரைக்கூட நேராகப் பூசியவனில்லை, அந்தக் கையைப் பெற்ற பிள்ளையிடம் கொண்டுபோக அவனுக்குத் தைரியமில்லை. கூடியிருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அத்தனை பேர் பிள்ளைகளுக்கும் அவன்தான் செய்தவன். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"பெராக்கியா?"

"நானா மச்சான்? ரத்தத்தைப் பார்த்தா எனக்கு..." பெராக்கியா அதற்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு அடுத்த ஊர் ஆளைக் கூட்டிட்டு வரலாம். ஒன்பதாம் நாளும் செல்லும். நோய்ப்பட்ட பிள்ளைக்கு ஒத்திப்போடறதில்லையா?"

"யாருக்கு நோய்?"

சப்பீரா பிள்ளையோடு உள்ளேயிருந்து வந்திருந்தாள். காலையிலிருந்து காத்திருந்தவள். அவள் முகத்தில் சோர்வு இல்லை, எரிச்சல் இருந்தது.

"பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை. பெரியவங்களுக்குத்தான் நோய். காலையிலருந்து ஒரு ஊரே போய் முழம் எண்ணிட்டு வந்திருக்கீங்க." அவள் குனிந்து தரையில் கிடந்த கத்தியை எடுத்தாள். "பதினாலு வருஷம் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் எட்டாம் நாள் போய் நின்னு சிரிச்சுட்டு வந்தேன். என் பிள்ளைக்கு மட்டும் ஒன்பதாம் நாளா? பிடிங்க பிள்ளையை. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

"அக்கா, பொம்பளை செய்யலாமான்னு..."

"மோசே பிள்ளைக்கு யாருடா செஞ்சா? அவர் பொண்டாட்டி சிப்போராள் ஆம்பளையா?"

பெராக்கியாவுக்கு வேதம் தெரியும் என்பதால் விலகி வழிவிட்டான்.

மனாயேன் உட்கார்ந்து, முட்டியை நெருக்கி, பிள்ளையை மடியில் வாங்கினான். அவள் முன்னால் மண்டியிட்டாள். எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே கத்தி வைக்க வேண்டும் என்று சொன்னான். தன் குரல் இவ்வளவு தெளிவாக வருகிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரே இழுப்பு. பிள்ளை வீறிட்டான். சீரகமும் துணியும் வைத்துக் கட்டுகிற வரை அவள் கை ஆடவே இல்லை.

மனாயேன் ஆசீர்வாதத்தைச் சொல்லி, "எல்நாத்தான்" என்று பேர் சொன்னான். பேரின் பின்பாதி அழுகையில் போய்விட்டது. கை வலியில் அழுகிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. கையை அவன் மறந்தே போயிருந்தான்.

பெண்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். ஆண்கள் விருந்துக்குக் கைகழுவப் போனார்கள், போகும்போதே பெராக்கியா இது செல்லுமா என்று ஆரம்பித்துவிட்டான். அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். அப்போதுதான் சப்பீராவின் கை நடுங்க ஆரம்பித்தது. விரலில் தொடங்கி முழங்கை வரைக்கும் ஏறியது. கத்தியைக் கீழே வைக்கக்கூட அவளால் முடியவில்லை.

"ஏங்க," என்றாள். "நிறுத்த முடியலை."

பிள்ளை பிறந்த ஏழு நாளும் கணவன் மனைவியைத் தொடக் கூடாது. இன்றைக்குத்தான் தொடலாம். மனாயேன் இடது கையை நீட்டி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வெளியே சாப்பிட வரச்சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார்கள். அவன் விடவில்லை.